குச்சி பிடிக்கும் கையில் காய்ப்பு எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆடி பிறந்தால் வியாசர்பாடியிலிருந்து காசிமேடு வரை அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். மேளக்காரர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். பறை, சட்டி மேளம், டோல் என்று ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம்கூட அடி நிற்காது. அது ஓய்வதற்குள் பள்ளிகளில் சுதந்திர தின அணிவகுப்பு, பின்னாலேயே விநாயகர் சதுர்த்தி, டிசம்பரில் ராயபுரம், பெரம்பூர் பக்கம் கரோல் சுற்று. இந்தச் சமயங்களில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் உள்ளங்கையை விரித்து, "பாருங்க மாஸ்டர், காய்ச்சிருச்சு" என்று பெருமையாகக் காட்டுவார்கள். எவ்வளவு தடித்திருக்கிறது என்று அவர்கள் காட்ட, எந்த இடத்தில் தடித்திருக்கிறது என்றுதான் சொல்லித்தருகிறவர் பார்க்க வேண்டும். குச்சியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது முழுக்க அந்தத் தோலில் எழுதியிருக்கும்.

"காய்க்காத கையும் ஒரு கையா" என்கிற பேச்சு நம் பக்கம் அதிகம். அந்தப் பேச்சுக்குப் பயந்து விரல் வலியை வெளியில் சொல்லாமல் வைத்திருக்கிறவர்கள் பலர். அவர்களுக்கும், பேண்டு சொல்லித்தருகிற ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயன்படும் என்று சில விவரங்களை எழுதுகிறோம்.

முதலில் காய்ப்பும் கொப்புளமும் ஒன்றல்ல. ஒரே இடத்தில் மிதமான அழுத்தமும் உரசலும் நாள்கணக்கில் விழுந்தால் மேல்தோலின் செத்த அடுக்கு கெட்டியாகிக்கொண்டே போகும், அது காய்ப்பு. பழகாத தோலில் ஒரே நாளில் உரசல் அதிகமானால் தோலின் அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்ளும், அது கொப்புளம். வியர்வையில் ஊறிய தோல் குச்சியை இன்னும் கெட்டியாகப் பற்றி இழுக்கும் என்பதால் கொப்புளம் சீக்கிரம் வரும். கடற்காற்று வீசும் ஊரில் இதிலிருந்து தப்ப வழியில்லை. அதனால் இடுப்பில் ஒரு பருத்தித் துண்டு எப்போதும் இருக்க வேண்டும், ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கையையும் குச்சியையும் துடைக்க வேண்டும். கேரம் பவுடரைக் கையில் தேய்த்துக்கொள்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அது பெரும்பாலும் போரிக் பவுடர். காய்களை வழுக்கிவிடத்தான் அதைப் போடுகிறார்கள், குச்சியையும் அது வழுக்கத்தான் செய்யும். குச்சி வழுக்கினால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். தோல் கிழிந்த இடத்தில் அதை வைக்கவே கூடாது.

இனி இடங்களுக்கு வருவோம். பறையில் அடிக்குச்சி பிடிக்கும் வலது கையில், கட்டைவிரலின் சதைப்பகுதியிலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டிலும் லேசாகத் தடித்திருந்தால் அது நல்ல கை. குச்சி அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் ஊஞ்சல்போல ஆடுகிறது, மற்ற மூன்று விரல்கள் சும்மா கூடவே போகின்றன என்று பொருள். உள்ளங்கையின் நடுவில் தடிப்பு இருந்தால் சுத்தியல் பிடிப்பதுபோல முஷ்டியில் பிடித்து அடிக்கிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டைத் தோல் வெடித்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் குச்சி கைக்குள் சுழல்கிறது. சுண்டு விரலின் உட்புறம் கொப்புளம் கண்டால் குச்சியை வெகு பின்னால், வால் நுனியில் பிடித்திருக்கிறார்கள்.

பறையில் இடது கை தனிக் கதை. சிம்புக்குச்சி என்கிற மெல்லிய மூங்கில் குச்சியையும் பிடிக்க வேண்டும், சட்டகத்தையும் அணைத்துக்கொள்ள வேண்டும். தோள்வார் நீளமாக இருந்தால் வாத்தியத்தின் எடை தோளை விட்டு இறங்கி, சட்டகத்தின் விளிம்பு வழியாகக் கட்டைவிரலின் அடிச்சதையில் உட்காரும். அங்கே சிவந்த கோடு விழுந்தால் வாரை இரண்டு விரற்கடை சுருக்கிக் கட்டினாலே பாதி சரியாகும். மீதிக்கு, விளிம்பில் கை படும் இடத்தில் மட்டும் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து ஒரு சாண் அளவுக்குச் சுற்றி ஒட்டுங்கள். இரும்பு வளையம் வைத்த பறைகளுக்கு இது கட்டாயம்.

வரிசையாக அடுக்கிய பட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன் போன்றவை நம் பக்கம் அரிது. ஆனால் அதே வகையான சைலோஃபோன் சில பள்ளிகளில் இருக்கிறது. அதை அடிக்கும் தலை வைத்த குச்சிக்கு மேலட் என்று பெயர். ஒரு கையில் இரண்டு மேலட் வீதம் நான்கு பிடிக்கப் பழகும் பிள்ளைகளும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் ஸ்டீவன்ஸ் பிடி என்பதில் வெளி மேலட்டின் தண்டு நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே புகுந்து வரும். மோதிர விரலும் சுண்டு விரலும் அதை வளைத்துப் பிடிக்கும். உள் மேலட்டின் வால் உள்ளங்கையில் ஊன்றி நிற்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைத் திருப்பும். விரல்களுக்கு நடுவிலுள்ள பக்கவாட்டுத் தோல் மெல்லியது. எந்த வேலையிலும் உரசாத இடம் அது. ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் அங்கே கொப்புளம் வருவது பிடி தப்பு என்பதற்கு அடையாளம் ஆகாது. அது பழகாத தோல், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்தும் கொப்புளம் இடம் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் தண்டு விரலிடுக்கில் நிலையாக உட்காரவில்லை என்று பிடியைத் திருத்துங்கள். குறுக்குப் பிடியில் இரண்டு தண்டுகளும் உள்ளங்கையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருக்கும் என்பதால், அவை உராயும் இடத்திலும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலும் காய்க்கும்.

தோலுக்கு அடியில் வரும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் இறுக்கம். இறுக்கிப் பிடித்த குச்சி மேளத்தில் பட்டதும் அதன் அதிர்வு முழுக்க விரல் மூட்டுகளுக்குள் இறங்குகிறது. தளர்ந்த பிடியில் அந்த அதிர்வு குச்சியைத் துள்ள வைப்பதில் தீர்ந்துவிடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது: வாசித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குச்சியின் முனையை இரண்டு விரலால் பிடித்து இழுக்கட்டும். லேசான இழுப்புக்கு நழுவி வந்தால் பிடி சரி. கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தால் இறுக்கம்.

"தளர்த்துப்பா" என்று சொன்னால் மட்டும் பிள்ளைகளுக்குத் தளர்த்த வராது. ஏன் இறுக்குகிறார்கள் என்று தேட வேண்டும், பல சமயம் குற்றம் குச்சியில்தான் இருக்கும். மிக மெல்லிய குச்சியை விரல்கள் அதிகம் மடங்கிப் பிடிக்கின்றன. அப்போது பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் மெல்லிய கிரிப் நாடாவை ஒரே சுற்று, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றினால் போதும். இரண்டு சுற்று போட்டால் தடிமன் கூடி குச்சியின் துள்ளல் செத்துவிடும். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருக்கும் புதுக் குச்சி வியர்வையில் வழுக்கும். கை படும் 4 அங்குலத்தில் மட்டும் 120 எண் உப்புத்தாளால் மரத்தின் நார் ஓடும் திசையில் தேய்த்து வார்னிஷை எடுங்கள், பிறகு 220, கடைசியில் 320. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து இன்னொரு முறை 320 எண் தாளால் மெல்ல வருடினால் எழும்பிய நார் அடங்கும். 120-உடன் நிறுத்திவிட்டால் அந்தச் சொரசொரப்பே தோலை அரைத்துவிடும். சிம்புக்குச்சி மூங்கில் என்பதால் அதன் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், சிராய் ஏறும். கண்ணாடிச் சில்லாலோ சிறு அரத்தாலோ நான்கு ஓரங்களையும் மழித்துவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும். பிரம்புக் குச்சியில் கணு கையிலோ விரலிடுக்கிலோ வந்தால் அதையும் மழியுங்கள்.

பிடிக்கும் இடமும் முக்கியம். குச்சியை ஆள்காட்டி விரல்மேல் கிடைமட்டமாக வைத்து அது சரிந்து விழாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் பிடிக்க வேண்டும். சட்டி மேளத்துக்கு, வாலிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரம். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்.

குச்சி சரியாக இருந்தும் கை இறுகுகிறது என்றால் வாத்தியத்தைப் பாருங்கள். மாட்டுத்தோல் போர்த்திய பறை, ஈரக்காற்றில் தளர்ந்து தொப்பென்று சத்தம் தரும். சத்தம் வராதபோது எவரும் ஓங்கித்தான் அடிப்பார்கள். நெருப்பில் காய்ச்சி எடுத்தால் அரை பலத்தில் கணீரென்று வரும். ஊர்வலத்தில் வழியில் நிறுத்திக் காய்ச்சுவதற்குக் காகிதமும் வைக்கோலும் சுமந்துகொண்டு போவது இதற்காகத்தான். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால் விரலில் கட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் தாள் போர்த்திய பறைக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. ஆனால் அது மிக விறைப்பாக இருக்கும், குச்சி சுருக்கென்று திரும்பி வரும். தோல் பறையில் அடித்துப் பழகிய அதே பலத்தை அதில் போட்டால் முதல் நாளே கட்டைவிரல் மூட்டு சொல்லிவிடும்.

பட்டை வாத்தியங்களில் வேறொரு நுட்பம். சைலோஃபோன், மரிம்பாவின் ஒவ்வொரு பட்டைக்கும் இரண்டு இடங்கள் அதிரவே அதிராது. சீரான பட்டையில் அவை இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் சுமார் 22 சதவீதத் தூரத்தில் இருக்கும். 30 சென்டிமீட்டர் பட்டை என்றால் முனையிலிருந்து 6.7 சென்டிமீட்டர். கயிறு கோப்பதும் தாங்கியில் வைப்பதும் அந்த இடத்தில்தான். அங்கே அடித்தால் எவ்வளவு ஓங்கினாலும் சத்தம் செத்துத்தான் வரும். பிள்ளை இன்னும் ஓங்கும், விரல் வலிக்கும். நடுவிலோ, இல்லையென்றால் கயிற்றைத் தாண்டிய ஓரத்திலோ அடிக்கக் கற்றுக்கொடுங்கள். மேலட்டின் தலையும் பட்டைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நூல் சுற்றிய மென்மையான தலையால் உச்ச ஸ்தாயிப் பட்டைகளை அடித்தால் சத்தம் எழாது, பலம்தான் வீணாகும்.

பட்டைகளின் உயரம் வாசிப்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே ஸ்டாண்டில் வாசிக்கிறார்கள் என்றால் சின்னப் பிள்ளைக்குக் காலடியில் ஒரு கெட்டியான பலகை போடுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

பள்ளி பேண்டுகளில் நிமிர்த்திப் பிடித்து, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் பெல் லைராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடை முழுக்கக் கழுத்து வாரில் தொங்கும் பையில் இறங்க வேண்டும். வார் தளர்ந்திருந்தால் இடது கை அதைத் தூக்கிக்கொண்டே நடக்கும், கட்டைவிரலும் மணிக்கட்டும் வலிக்கும். அணிவகுப்பு ஒத்திகையில் நிற்கும் நேரமெல்லாம் வாத்தியத்தைக் கீழே இறக்கிவைக்க அனுமதி கொடுங்கள். கலெக்டர் வரும் நாள் அன்று விறைப்பாக நின்றால் போதும்.

இனி, வந்த காய்ப்பைப் பராமரிப்பது. வலிக்காத, ஓரம் உயராத, தட்டையான காய்ப்பை அப்படியே விட்டுவிடுங்கள், அதுதான் உங்கள் கவசம். தவில் வித்வான்கள் விரலுக்குக் கூடு போட்டுக்கொள்கிறார்கள், நமக்கு அந்தக் கூட்டைத் தோலே செய்து தருகிறது. மேடுபோல் உயர்ந்த காய்ப்புதான் ஆபத்து. குச்சி அதன் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது காய்ப்பு அடியோடு பிய்ந்து வரும், கீழே பச்சைத் தோல் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள், வாசிப்பு இல்லாத இரவில், வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் கையை ஊறவைத்து, நுரைக்கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து மேட்டை மட்டும் சமப்படுத்துங்கள். முழுக்க எடுக்க வேண்டாம், இளஞ்சிவப்புத் தெரியும் முன்னே நிறுத்திவிடுங்கள். பிறகு 10 சதவீத யூரியா கிரீமோ வாஸ்லினோ தடவித் தூங்கலாம். தேங்காய் எண்ணெயும் போதும். எதுவாக இருந்தாலும் இரவில்தான். வாசிக்கப் போகும் முன் எண்ணெய் தடவினால் குச்சி பறந்து முன்வரிசையில் நிற்பவர் நெற்றியில் போய் நிற்கும்.

பிளேடால் சீவாதீர்கள். காலாணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையைக் கையில் ஒட்டாதீர்கள். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இரண்டையும் நினைக்கவே கூடாது. வெடிப்பை ஃபெவிக்விக் ஊற்றி ஒட்டிக்கொண்டு மேளத்துக்குப் போகிற வீரர்களும் இருக்கிறார்கள். அது சூடாகித் தோலைச் சுடும், அடியில் அழுக்கை வைத்து மூடிவிடும்.

கொப்புளம் சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் உடைக்க வேண்டாம், மூடிவைத்தால் போதும். பெரிதாகி வலித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, கொப்புளத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் குத்தி, சுத்தமான பஞ்சால் அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரித்துவிடாதீர்கள், அதைவிட நல்ல கட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. வாஸ்லின் வைத்து மூடி, தினமும் கட்டை மாற்றுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், கை நெடுக ஏறும் சிவப்புக் கோடு, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

டேப் ஒட்டுவதிலும் முறை உண்டு. மருந்துக்கடையில் துணி டேப் என்று கேட்டால் கிடைக்கும். அரை அங்குல அகலம் போதும். தோல் உலர்ந்திருக்கும்போது, வாசிப்புக்கு 15 நிமிடம் முன்பே, விரல் மூட்டை லேசாக மடக்கிவைத்துக்கொண்டு ஒட்டுங்கள். நேராக நீட்டி ஒட்டினால் மடக்கும்போது இழுத்துக்கொண்டு பிய்ந்துவிடும். விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று நுனி நீலமாகும். ஒரு சுற்று, அதற்குமேல் கால் சுற்று ஏற்றினால் போதும். ஒயர்மேன் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப் வேண்டாம். வியர்வையை வெளியே விடாது, அடியில் தோல் வெந்துபோகும். சும்மா தடுப்புக்கு என்று நல்ல தோலில் தினமும் டேப் ஒட்டினால் அந்த இடம் காய்க்கவே காய்க்காது என்பதையும் கவனியுங்கள்.

தோலை விட்டு உள்ளே போகும் வலிகளைப் பிரித்தறிய வேண்டும். காலையில் எழுந்ததும் மடக்கிய விரல் நீள மறுத்து, பிறகு டக்கென்று விடுபட்டால், விரலின் அடியில் தசைநார் ஓடும் உறை தடித்திருக்கிறது. சுளுக்கு என்று நினைத்து விரலைப் பிடித்து இழுத்து நெட்டி எடுக்கச் சொன்னால் வீக்கம் இன்னும் கூடும். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலித்து, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சுரீரென்றால், கட்டைவிரலை ஆட்டும் தசைநார்கள் உரசுகின்றன. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, முஷ்டியைச் சுண்டு விரல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்திலேயே வலி பிடிக்கும். தவறான பிடியில் பெல் லைரா தூக்குகிறவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய்க் கையை உதறினால் சரியாவது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அழுத்தம் பெரும்பாலும் முழங்கையில். முழங்கையை நெடுநேரம் மடக்கி போன் பேசுவது இதைக் கூட்டும்.

வாசித்து முடித்ததும் வரும் வலி, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அது அலுப்பு. துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்துவிட்டு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகும். வாசிக்கத் தொடங்கிய உடனேயே வலித்தாலும், மரத்துப்போதலும் பலக்குறைவும் இருந்தாலும், இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலும் காட்ட வேண்டும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு மேளத்துக்குப் போகிற வழக்கத்தை விட வேண்டும். நிறுத்தச் சொல்லும் வலியை மாத்திரை மூடிவிடும், அடி நிற்காது. வடசென்னைக்காரர்கள் தூரம் போக வேண்டியதும் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை மறுவாழ்வுப் பிரிவு கை சிகிச்சைக்கென்றே இருக்கிறது. போகும்போது வாசிக்கும் குச்சியையும் எடுத்துக்கொண்டு போங்கள். "கை வலிக்குது" என்று சொல்வதைவிட, பிடித்துக் காட்டினால் மருத்துவருக்குச் சீக்கிரம் புரியும்.

பயிற்சி நேரத்தைப் பொறுத்தவரை, புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வாரம் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும், அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். இந்தக் கணக்கில் ஒன்றரை மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்கு வந்துவிடுவார்கள், தோலும் தசையும் சேர்ந்தே பழகியிருக்கும். தோல் ஆறு வாரத்தில் காய்த்துவிடுகிறது, தசைநார் அவ்வளவு சீக்கிரம் கெட்டிப்படாது. காய்ப்பு வந்துவிட்டதே என்று நேரத்தை இரட்டிப்பாக்கும்போதுதான் உள்வலி பிடிக்கிறது. ஆண்டுவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளைகளைச் சேர்த்து, தினமும் மூன்று மணி நேரம் அடிக்கவைக்கிற பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் மேளத்தை நிறுத்துங்கள், அந்த நேரத்துக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்ளலாம். குழுவில் நான்கு பேர் அடிக்கிறார்கள் என்றால் ஐந்து பேருக்குக் கூலி பேசுங்கள், ஒருவர் மாறி மாறி உட்காரட்டும். பறை காய்ச்சுவதற்குத் தெருமுனையில் இரண்டு செங்கல்லும் கொஞ்சம் வைக்கோலும், கை துடைக்க ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
பறை, பேண்டு பயிற்றுநர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை.